என் கேள்வி நோட்டை வாங்கிப் போன பெண்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு புல்தரை. கைப்பேசித் திரை முழுக்கப் பச்சையாக விரிந்து கிடந்த அந்தப் புல்தரையில், வைக்கோல் நிறத் தலைமுடியும் நீலக் கண்களுமாக ஒரு குழந்தை உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, ‘கருவடிக்குப்பத்தில் உங்கள் குழந்தைக்கு இன்னொரு வீடு’ என்று தமிழில் எழுதியிருந்தது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பு அது. என் மகன் மடியில் அரைத் தூக்கத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தான். கருவடிக்குப்பத்தில் நான் பார்த்த புல் எல்லாம் ஆட்டுக்குப் போடுகிற புல்தான். இதை நம்பியா பிள்ளையை விடுவது என்று மூடிவிட்டேன். பிறகு, ஒருவேளை நல்ல இடமாக இருந்துவிட்டால் என்று மறுபடி திறந்தேன். அன்றைக்கு மட்டும் நாலைந்து முறை மூடித் திறந்திருப்பேன்.

அவனுக்கு அப்போது பதினொரு மாதம். கோரிமேட்டில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. விடுப்பை இரண்டு முறை நீட்டிக் கொடுத்த மேலாளர், மூன்றாவது முறை கேட்டபோது, “வர்ற திங்கக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழம வந்துடும்மா. வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க, என் கையில இல்ல” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டார். கணவருக்குத் தொழிற்சாலையில் மாற்றி மாற்றி ஷிப்ட். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால் அவரால் ஓட முடியாது. காப்பகத்தைத் தவிர வேறு வழி இல்லை. வேலையை விடவும் மனம் இல்லை, அவனை விடவும் மனம் இல்லை. இரண்டில் எதை விட்டாலும் ஆயுள் முழுக்க என்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

எங்கள் வேலையில், வந்தவரின் பெயரையும் வயதையும் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்போம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதா, என் சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான் எனக்குக் கிடைத்ததா, தெரியவில்லை. காப்பகத்தில் கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கதவைத் திறந்துகொண்டு குழந்தை தெருவுக்குப் போக முடியுமா? குடிக்கிற தண்ணீரை யார் காய்ச்சுகிறார்கள்? தூங்கும்போது யாராவது பக்கத்தில் இருப்பார்களா? காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்லாமல் மருந்து கொடுப்பார்களா? எழுத எழுத நாற்பது கேள்விகளைத் தொட்டுவிட்டது. “இது என்ன, பரிட்சைப் பேப்பரா? பாஸ் மார்க் எவ்ளோ?” என்றார் கணவர். “நாங்கள்லாம் புள்ள வளக்கல? கேள்வி கேட்டுக்கினா வளத்தோம்?” என்றார் மாமியார். இருவரும் என்னை இலேசாக்கத்தான் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் நோட்டில் ஒரு கேள்வி கூடி, நாற்பத்து மூன்றில் போய் நின்றது.

அந்தக் காப்பகம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவின் மாடி வீட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. கூடமும் இரண்டு அறைகளும் கொண்ட சாதாரண வீடு. ஏழு குழந்தைகள். நடத்திய அம்மா, ஒரு கான்வென்ட்டின் மழலையர் வகுப்பில் பல வருடம் உதவியாளராக இருந்தவர். அங்கிருந்து நின்ற பிறகு சொந்த வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கூடத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன் மேல் மடிக்கணினி. அதன் முன்னால் அவருடைய மகள். டிசைன் படிப்பில் கடைசி வருடம். மேசைக்கு அடியில் ஒரு குழந்தை அவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நான் முதலில் கவனித்தது அதுதான்.

“இந்தப் புல்தரை எங்கம்மா இருக்கு?” என்று கைப்பேசியைக் காட்டிக் கேட்டேன். குத்திக் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அவள் முகம் சிவந்தது, பிறகு சிரித்தாள். “அது டெம்ப்ளேட்டுக்கா. ரெடிமேடா வர்றது. அந்தப் புள்ள எந்த ஊருன்னு எனக்கே தெரியாது.”

“நான் அப்பவே சொன்னேன்” என்று உள்ளே இருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது. “நம்ம புள்ளைங்கள்ல ஒண்ணுகூட அந்தக் கலர்ல இல்லடி, வர்றவங்க சண்ட போடப் போறாங்கன்னு.”

கல்லூரியில் அந்தப் பருவத்துக்கு அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, நிரல் எழுதாமலே இணையதளம் கட்டுகிற கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்து, உண்மையான ஒருவருக்கு ஒரு தளம் அமைத்துக் கொடுப்பது. “கோடிங் எழுதத் தேவையில்லக்கா. பொட்டி பொட்டியா இருக்கும். புடிச்சு இழுத்தாந்து வெச்சா அங்கயே உக்காந்துக்கும். வீடு மாத்தும்போது பீரோவ எந்தச் சுவத்தாண்ட வெக்கிறதுன்னு பாப்போம்ல, அந்த மாதிரிதான்” என்று இழுத்துக் காட்டினாள். மூன்று கருவிகளில் மூன்று விதமாகச் செய்து வைத்திருந்தாள். ஒன்றில் தமிழ் எழுத்துகளின் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் உடைந்து நின்றது. இன்னொன்று பார்க்க அத்தனை அழகு, ஆனால் அவளுடைய அம்மாவின் பழைய கைப்பேசியில் திறப்பதற்குள் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டி முடித்துவிடலாம். மூன்றாவது, அந்தப் புல்தரைப் படத்தைத் தவிர வெறும் வெள்ளையாக, ஆடம்பரம் இல்லாமல் இருந்தது. எந்தப் போனிலும் உடனே திறந்தது. கூடப் படிப்பவர்கள் கேலி செய்தும் அவள் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டாள். “பாக்கப்போறது அவங்க இல்லியே” என்றாள்.

புல்தரைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். குழந்தைகளைப் படம் எடுக்க எந்தத் தாயும் விடவில்லை. கண் பட்டுவிடும் என்றார்கள். தூங்குகிற பிள்ளையைப் படம் எடுக்கவே கூடாது என்று ஒரு பாட்டி வந்து சண்டையே போட்டிருக்கிறார். கருவியோ படம் இல்லாத பெட்டியைச் சாம்பல் நிறத்தில் காட்டியது. கடைசியில் அதுவே கொடுத்த குழந்தையை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல வாய் எடுத்தேன். என் மகனின் கன்னத்தில் இருந்த மைப்பொட்டு என் தோளில் அழிந்து ஒட்டியிருந்தது. நானும் விட்டிருக்க மாட்டேன்.

நோட்டைப் பிரித்து முதல் கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்றார் அம்மா. இரண்டாவதற்கும் அதே பதில், மூன்றாவதற்கும். அவர் மனசு நல்ல மனசு என்பது தெரிந்தது. எனக்கு வேண்டியது அது இல்லை என்றும் தெரிந்தது. நான்காவது கேள்விக்கு என் குரல் எனக்கே சலிப்பாக இருந்தது. நோட்டை மூடினேன். அப்போதுதான் அந்தப் பெண் நாற்காலியில் இருந்து எழுந்து வந்து, “அத எனக்குக் குடுங்கக்கா. எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்” என்று கையை நீட்டினாள். சிரிக்கவில்லை. எத்தனை கேள்வி என்று பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. அந்த நோட்டைச் சிரிக்காமல் வாங்கிய முதல் ஆள் அவள்.

இரண்டு நாள் கழித்து, மகனை அந்த இடத்துக்குப் பழக்கலாம் என்று போனபோது கண்ட காட்சியை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கைப்பேசியைத் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தபடி, அவள் கூடம் முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு குழந்தைகள் ரயில் பெட்டிகள் போலத் தவழ்ந்து வந்தன. ஐந்தாவதாக என் மகனும் மடியில் இருந்து நழுவிப் போய்ச் சேர்ந்துகொண்டான். “இருவத்தோரு வயசுல தவழுது பாரும்மா இது” என்று அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கட்டிலுக்கு அடியில் மின்சார எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கிடப்பதை அந்த உயரத்தில் இருந்துதான் கண்டுபிடித்தாள். கிரைண்டர் மேடையின் கூரான விளிம்பு சரியாக நெற்றிக்கு நேராக வருவதையும். நின்றுகொண்டு பார்க்கிற எங்கள் யார் கண்ணிலும் அவை பட்டதில்லை. அவள் எடுத்த படங்களில் குழந்தைகளின் முகம் ஒன்றுகூட இல்லை. தரை, கதவின் கீழ்ப்பாதி, தண்ணீர்க் குடம், ஜன்னல் கம்பி, எல்லாம் அவர்கள் பார்க்கிற உயரத்தில். புல்தரைக் குழந்தை அன்றைக்கே போய்விட்டது.

என் கேள்விகளைப் பத்துப் பத்தாகத் தளத்தில் ஏற்றத் தொடங்கினாள். கேள்வியைத் தொட்டால் கீழே பதில் விரியும். பேருந்தில், கடையில், பால் கொடுக்கும்போது என்று நான் தொட்டுத் தொட்டுப் படித்தேன். முதல் கேள்விக்கான பதிலே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ‘கதவைத் திறந்துகொண்டு குழந்தை தெருவுக்குப் போக முடியுமா?’ என்பதற்கு, ‘முடியும். கேட்டுக்குக் கீழ்க் கொக்கி மட்டும்தான் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எட்டும்’ என்று எழுதியிருந்தாள்.

அவளுடைய அம்மா அதைப் பார்த்த அன்று நானும் அங்கே இருந்தேன். “ஊரக் கூட்டி நம்ம வூட்டு ஓட்டையக் காட்டுறியாடி? இதப் படிச்சுட்டு எவ புள்ளைய விடுவா?”

“ஓட்ட இருக்குதுல்ல?”

“இருந்தா?”

“அப்ப மேல ஒரு கொக்கி போடும்மா. நான் மாத்திடுறேன். ஒரு நிமிஷம்கூட ஆவாது.”

அம்மா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. வியாழக்கிழமை வெல்டிங்காரர் வந்து கேட்டின் தலையில் ஒரு கொக்கி வைத்துப் போனார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் அவள் கைப்பேசியிலேயே பதிலை மாற்றிவிட்டாள். பழைய பதிலை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே ‘இப்போது முடியாது’ என்று சேர்த்திருந்தாள். எங்கள் பரிசோதனைக் கூடத்துப் பதிவேட்டிலும் அப்படித்தான். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இந்த வீட்டை நம்பலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது. தோன்றிய உடனே, ஒரு கொக்கியைப் பார்த்து நம்பிவிடலாமா என்ற சந்தேகமும் வந்தது. அது என் சுபாவம். ஆனால் அவள் என்னைப் பயப்படாதே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பயத்தை வாங்கிக்கொண்டு போய், அது இருக்கிற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

வேலைக்குச் சேர வேண்டிய திங்களுக்கு முந்திய சனிக்கிழமை. கடைசிக் கேள்விகளையும் ஏற்றி, இணைப்பைத் தெருக் குழுவில் போட்டிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து மாமியார் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். கேலி செய்வதற்காகத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“நாப்பத்தி மூணு இல்லம்மா, நாப்பத்தி நாலாவதா ஒண்ணு இருக்குது” என்றவர், நிதானமாகப் படித்தார்: “சாயங்காலம் நான் கூப்பிட வரும்போது, என்னிடம் வராமல் அவர்களிடமே இருந்துவிட்டால்?”

என் கை நின்றுவிட்டது. அது கேள்வியே இல்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நோட்டின் பின் அட்டைக்கு உள்பக்கத்தில், எனக்காக மட்டும் எழுதிக்கொண்ட வரி. அதை எழுதியதையே மறந்துபோய்த்தான் நோட்டைக் கொடுத்திருந்தேன். தெருவில் அறுபது வீட்டுக்காரர்கள் கையில் இப்போது அது இருந்தது.

“பதில் போடலியே, காலியா இருக்குது” என்றார் மாமியார். கண்ணாடியைக் கழற்றினார். யாருக்கோ சொல்வது போலப் பேசினார். “உன் வூட்டுக்காரனுக்கு ஒரு வயசு. மில்லுல காலை ஷிப்ட்டு முடிச்சு ஓடியாருவேன். மாரு கட்டிக்கினு வலிக்கும். இவன் என் நாத்தனா இடுப்புல உக்காந்துக்கினு, நான் யாரோங்கற மாதிரி பாப்பான். கைய நீட்டுனா மூஞ்சத் திருப்பிக்குவான். நான் போயி அடுப்பப் பத்த வெப்பேன். அப்புறம் அவனா வந்து காலாண்ட நின்னு பொடவையப் புடிச்சு இழுப்பான். மறந்துட்டுப் பண்றது இல்லம்மா அது. கோவம். அதுங்களுக்குக் கோவப்பட நம்மள உட்டா யாரு இருக்கா?”

அரிசி களைகிற சாக்கில் நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எழுதியது நான்தான் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. இத்தனை வருடத்தில் மில் வேலையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதெல்லாம் சம்பளமும் சங்கமும்தான். மார் கட்டி வலித்ததைச் சொன்னதில்லை.

இருந்தாலும் கோபம் போகவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்க் கைப்பேசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். “பின் அட்டையில இருந்தத எதுக்கும்மா போட்ட?”

“எந்த... நாப்பத்தி நாலாவதா? அய்யோ. எல்லாத்தையும் போடணும்னு டைப் பண்ணிக்கினே வந்தேன்க்கா. அதுவும் ஒரு கேள்வின்னு நெனச்சுட்டேன். இருக்கறதுலயே அதான் நல்ல கேள்வியா இருந்துச்சு. பதில் எனக்குத் தெரியல. அம்மாவக் கேட்டேன். அது பதில் சொல்லாம வெங்காயம் உரிக்கப் போயிடுச்சு. பொய் எழுத வேணாம்னு காலியா உட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கக்கா, கேட்டுட்டுப் போட்டிருக்கணும். இதோ எடுத்துட்டேன், பாருங்க.”

பார்த்தேன். நாற்பத்து மூன்றோடு பக்கம் முடிந்திருந்தது. பால் எத்தனை மணிக்கு, துணி எத்தனை ஜோடி, கொக்கி எந்த உயரம். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நான் ஏன் போகப் பயப்படுகிறேன் என்பது மட்டும் அதில் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். “திரும்பப் போட்டுடு” என்றேன். மாமியார் சொன்னதையும் சொன்னேன். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, “அவங்க சொன்னத அப்பிடியே போடலாமாக்கா? இந்த வாட்டி கேட்டுட்டுப் போடறேன்” என்றாள்.

மாமியாரிடம் கேட்டேன். “என் பேரு வேணாம். மில்லுல வேல பாத்த ஒரு அம்மான்னு போடச் சொல்லு. நாத்தனா பேரும் வேணாம், அவ சண்டைக்கி வந்துடுவா” என்றார். மற்ற நாற்பத்து மூன்று பதில்களும் அச்சுத் தமிழில் இருக்க, அது ஒன்று மட்டும் பேச்சுத் தமிழில் ஏறியது. மதிப்பெண் போட்ட ஆசிரியர், ஒரே மாதிரி இல்லை, திருத்து என்று சொன்னாராம். “அந்தம்மா அப்பிடித்தான் சொன்னாங்க சார்” என்று சொல்லிவிட்டு, திருத்தாமலே வந்துவிட்டாள்.

அவள் இப்போது சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறாள். என் மகன் ஒன்றாம் வகுப்பு. மடியில் இப்போது ஏழு மாதப் பெண் குழந்தை. எனக்கு மறுபடியும் ஒரு திங்கட்கிழமை குறித்தாகிவிட்டது. தளத்தை இப்போது அவளுடைய அம்மா கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார். நாற்பத்து நான்காவது கேள்வியைத் தொட்டால், மில் அம்மாவின் பதிலுக்குக் கீழே ஒரு நீண்ட பட்டியல் விரிகிறது. பிள்ளையை விட்ட முதல் நாள், அழைக்க வந்த தாயிடம் அது வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொருத்தியும் சொன்ன கணக்கு. ‘நாலு நிமிடம்.’ ‘அரை மணி நேரம், அதுவும் பிஸ்கட்டுக்காக.’ ‘வரவே இல்லை, தூக்கிக்கொண்டு போனோம்.’ பெயர் எதுவும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை இதைக் கடந்து வந்தவள்தான் நான்; ஆனாலும் இந்த வாரம் அந்தப் பட்டியலைக் குறைந்தது பத்து முறை படித்திருப்பேன்.

பட்டியலின் முதல் வரி என்னுடையது.

மகனை முதன்முதலாக விட்ட அந்தத் திங்கட்கிழமை காலையில் அவன் அழவில்லை. நான்தான் கோரிமேடு போகும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மாலை நாலரை மணிக்குக் கேட்டின் மேல்கொக்கியைத் திறந்து உள்ளே போனேன். அவன் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். பிறகு திரும்பிக்கொண்டு, தவழ்ந்து போய்க் காப்பகத்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “அம்மாகிட்டப் போ சாமி, அம்மா வந்திருக்கு பாரு” என்று அவனை விலக்கப் பார்த்தார். “வேணாங்க, கூப்புடாதீங்க” என்றேன். எனக்கு அடுப்பு இல்லை, பற்ற வைக்க. வாசல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையில் இருந்ததை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன்.

மேசை முன்னால் அந்தப் பெண் இருந்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். பையை மூன்றாவது தடவை அடுக்கும்போது தரையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. டம்ளர் முதலில் வந்து என் காலில் இடித்தது. அதற்குப் பின்னால் அவன் வந்தான். என் புடவையைப் பிடித்து எழுந்து நின்றான். டம்ளரை எடுத்து என் கையில் திணித்தான். வாரி எடுக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மறந்து வைத்துவிட்ட ஒரு மூடியை எடுப்பதற்காகத் திரும்பவும் கூடத்தின் நடுவுக்குத் தவழ்ந்து போய்விட்டான்.

“பதினொரு நிமிஷம்க்கா” என்றாள் அவள். “இத வந்ததா எடுத்துக்கலாமா, வேணாமா?”

“எடுத்துக்க” என்றேன்.